லயம் முழுக்கத் தெரிந்த ஸ்கூப்

பதுளையில் நிருபராக இருப்பதற்கு ஆங்கிலம் அதிகம் வேண்டாம். லீட், கேப்ஷன், டெட்லைன், ஸ்கூப் என்று நாலைந்து சொல் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். மற்றச் சொற்களை நாங்கள் வேலைக்கு வைத்துக்கொண்டோம். ஸ்கூப்பை மட்டும் ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம்.

வேறு எந்தப் பத்திரிகைக்கும் கிடைக்காத செய்தியை நாம் மட்டும் முந்திப் போட்டால் அது ஸ்கூப். கொழும்பில் அது பெரிய பாராட்டு. எங்களுக்கோ அது பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவன் மட்டும் அடுப்படியில் ஒளிந்து நின்று தின்பது மாதிரி. ஏனென்றால் இங்கே வேலை நடக்கும் விதம் அப்படி. எங்கள் ஊவா பெரிய மாகாணம். நாங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும் ஆட்கள். பசறையில் ஒரு கூட்டம், ஹப்புத்தளையில் ஒரு போராட்டம், பண்டாரவளையில் ஒரு அமைச்சர் என்று ஒரே நாளில் வந்து தொலையும். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு போவோம். போனவர் எழுதி எங்கள் போன் குரூப்பில் போடுவார். மற்றவர்கள் தலைப்பை மாற்றி, முதல் வரியைக் கொஞ்சம் திருகி, தங்கள் தங்கள் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். வாசகருக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்கும் பஸ்ஸில் முதுகு உடைவது குறையும்.

ஒருமுறை எங்களில் ஒருவர் பிரதேச சபை வாகனத்தின் மேல் பலாப்பழம் விழுந்த செய்தியைக் குரூப்பில் போடாமல் தன் பத்திரிகைக்கு மட்டும் அனுப்பிவிட்டார். படத்தோடு வந்தது. அவரை நாங்கள் வாரக்கணக்கில் 'ஸ்கூப் ஐயா' என்றே கூப்பிட்டோம். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துத்தான் மனுஷன் ஊரோடு ஒட்டினார்.

இதை விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டல்லாத நாளும் உண்டு. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது கொழும்பு வாகனங்கள் எல்லாம் கொஸ்லந்தைக்கு ஏறி வந்தன. எங்களில் ஒருவரும் அன்று அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. கிடைத்த தகவலை எல்லாம் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். அதில் யார் முந்தி என்று பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

இத்தனை நியாயம் பேசினாலும், எனக்கு உள்ளூர ஒரு ஸ்கூப் மேல் ஆசை இருந்தது. பேராசை என்றே சொல்லலாம். குரூப்பில் பெண் நான் ஒருத்திதான். பரிசளிப்பு விழா, கோலப் போட்டி, முதியோர் தினம் என்று வந்தால் அண்ணன்மார் ஒரே குரலில், "தங்கச்சி போனாத்தான் நல்லா இருக்கும்" என்பார்கள். நல்லா இருப்பது யாருக்கு என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் பார்த்த குத்துவிளக்குகளை வரிசையாக வைத்தால் பதுளையிலிருந்து சுற்றுலாக்காரர் குவியும் எல்ல வரை வெளிச்சமாக இருக்கும்.

போதாக்குறைக்கு, கொழும்பில் என் பத்திரிகையின் செய்தி மேசையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் போனை எடுத்தால் வணக்கம் சொல்ல மாட்டார். "என்ன பிள்ளை, ஸ்கூப் ஏதும் கிடக்கோ?" என்பார். இல்லை ஐயா, மரக்கறிக் கண்காட்சிதான் இருக்கிறது என்பேன். "சரி, அதை அனுப்பும். மூலையிலை எங்கையும் போடுவம்" என்பார். அந்த மூலையிலேயே என் எழுத்து வாழ்க்கை பாதி கழிந்துவிட்டது.

போன வருஷம் பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக் குழந்தைகளின் மாறுவேட விழா. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளை மடுவம். வழக்கம்போல் தங்கச்சி போனாத்தான் நல்லா இருக்கும் என்று முடிவாகி நான் போனேன். குழந்தைகள் எல்லாம் மரக்கறி வேஷம். கரட், கோவா, பீட்ரூட். லீக்ஸ் வேஷம் போட்ட ஒரு பொடியன் மேடையிலேயே தூங்கிப்போனான். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மற்றப் பிள்ளைகளையும் சமாளித்தவர் மடுவத்தின் ஆயம்மா. ஐம்பதைத் தாண்டிய பெண், உரத்த குரல். தோட்டத்து மேனேஜர் துரை பேசும்போதுகூட, "சத்தம் போடாதீங்கடா, தொர பேசி முடிக்கட்டும்" என்று மைக்கை விடச் சத்தமாகச் சொன்னார்.

விழா முடிந்ததும், "மிஸ், நம்ம வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்துக்குக் கூட்டிப்போனார். அதில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு, அவருடையது. சுக்குத் தட்டிப் போட்டுத் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"புள்ளமடுவத்த கடையாக்கப் போறாங்க மிஸ். எல்லப் பக்கமிருந்து வர்ற வெள்ளக்காரங்க ஒக்காந்து தேத்தண்ணி குடிக்கிறதுக்கு. நம்ம எடத்துலேருந்துதான் மல நல்லாத் தெரியுதாம். அளந்துட்டும் போய்ட்டாங்க."

"அப்ப புள்ளங்க?"

"ஸ்டோருக்குக் கீழ பழைய ஒர ரூமு இருக்குல்ல? அங்க."

அந்த அறையை வரும் வழியில்தான் பார்த்திருந்தேன். ஜன்னல் இல்லை. உர மூட்டைகளை எடுத்து எத்தனையோ காலமாகியும் பக்கத்தில் போனாலே கண் எரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே, சொன்னால் வெட்கம், சந்தோஷமும் வந்தது. இதோ வந்துவிட்டது ஐயா, ஸ்கூப்!

"பயப்படாதீங்க ஆயம்மா, ஒங்க பேரு வெளிய வராது. அது என் பொறுப்பு" என்றேன், படங்களில் வரும் நிருபர் மாதிரி. அவர் "சீனி போதுமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே வந்து துரைக்குப் போன் செய்தேன். மறுக்கவில்லை. சுற்றுலா சம்பந்தமாக ஒரு திட்டம் ஆலோசனையில் இருப்பதாகச் சொன்னார். போதும். பஸ் ஏறி உட்கார்ந்து மனதுக்குள் தலைப்புப் போட ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் வலப்பக்கமா இடப்பக்கமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்தின் மேல் டிவிஷன் வளைவில் ஒரு பெண் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாதவர். சிரித்துக்கொண்டே கேட்டார்:

"ஆயம்மா வீட்டுல தேத்தண்ணி குடிச்சீங்களாமே மிஸ், என்ன விசேஷம்?"

பஸ் இன்னும் தோட்டத்து எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் யார் யாரோடு பேசினார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பேச்சு எங்கேயும் நடக்கும். யார் வீட்டில் தேநீர் குடித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள். வெளியாள் ஒருவர் லயத்துக்கு வந்து ஒரே வீட்டில் மட்டும் குடித்துவிட்டுப் போனால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், இது எனக்குத் தெரியாத சங்கதியே இல்லை. கொழும்புக்காரர்கள் போல், 'பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பெண்' என்று எழுதினால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரியைத் தோட்டத்தில் யார் படித்தாலும் ஆயம்மா என்றுதான் வாசிப்பார்கள்.

ஆயம்மாவுக்குக் கணவர் இல்லை. தோள் வலியால் கொழுந்து எடுக்க முடியாமல் போன பிறகுதான் மடுவத்து வேலைக்கு வந்திருந்தார். அந்த வேலை போனால் அந்தக் காம்பராவும் கையை விட்டுப் போகும். என் பேர் முதல் பக்கத்தில் வருவதற்கு அவர் சட்டி பானையோடு றோட்டுக்கு வர வேண்டுமா?

செய்தியை எழுதாமல் விடவும் முடியாது. விட்டால் குழந்தைகள் உர அறையில். பண்டாரவளையில் இறங்கிப் பதுளை பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு வழி தோன்றியது. தேநீர் கொண்டுவந்த வம்பைத் தேநீரால்தான் தீர்க்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே விழாப் படங்களை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு திரும்பத் தோட்டத்துக்குப் போனேன். குழந்தைகளின் படத்தைத் தாய்மாருக்குக் கொடுக்க வந்தேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? லயத்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும், "கொஞ்சம் தேத்தண்ணி தாங்களேன், தொண்ட வறண்டு போச்சு" என்று நானே வாய் விட்டுக் கேட்டேன்.

முதல் வீட்டில் பால்மாத் தேநீர். அடுத்த வீட்டில் பிளேன்டீயும் கருப்பட்டியும். அதற்கடுத்த வீட்டில், அங்கே கருப்பட்டி கொடுத்தார்கள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, பிஸ்கட்டும் சேர்த்து வைத்தார்கள். ஒரு பாட்டி இஞ்சி போட்டார். நெஞ்சு வரை எரிந்தது. பாதி லயத்தில் என் வயிறு குடம் மாதிரி ஆகிவிட்டது. போதும் என்றால், "அந்த வீட்டுல மட்டும் குடிச்சீங்க?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். பொதுக் கழிப்பறைக்கு நான் போய்வந்த கதையை இங்கே எழுதப் போவதில்லை.

வீட்டுக்கு வீடு இன்னொன்றும் கிடைத்தது. மடுவத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர்களே ஆரம்பித்தார்கள். அளந்தவர்கள் எந்த நிற வாகனத்தில் வந்தார்கள், கண்ணாடிச் சுவர் எந்தப் பக்கம் வரும், கோப்பை என்ன விலைக்கு விற்கப்போகிறார்கள், எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னுடைய ஸ்கூப் லயத்தில் ஆறிப்போய், பழங்கஞ்சியாகி, புளித்தும் விட்டிருந்தது.

"இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் நேத்து என்கிட்ட சொல்லல?" என்று லீக்ஸ் பொடியனின் அம்மாவைக் கேட்டேன்.

"நேத்து நீங்க லீக்ஸ் வேஷத்த எங்க தச்சீங்கன்னுதான கேட்டீங்க?" என்றார்.

வீடு திரும்பியதும் எழுதினேன். லயத்து மக்கள் எல்லோரும் சொன்னதாக எழுதி, 'ஒரு பெண்' என்று ஆயம்மாவின் வார்த்தைகளையும் நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. என் பத்திரிகையில் மட்டும் வந்தால், முந்தின நாள் யார் வீட்டில் அந்தப் பத்திரிகைக்காரி தேநீர் குடித்தாள் என்ற கேள்வி வரும். எல்லாப் பத்திரிகையிலும் வந்தால் யாரை என்று தேடுவது? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்தியைக் குரூப்பில் போட்டேன்.

பிறகு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் மூத்த அண்ணன் போன் எடுத்தார். அவர் வேறொரு பத்திரிகைக்கு எழுதுகிறவர்.

"தங்கச்சி, கை தவறிப் போட்டுட்டியாம்மா? வேணும்னா அழிச்சிரு. நாங்க பாக்கல."

"இல்லண்ணே, வேணும்னுதான் போட்டேன்."

"இது ஸ்கூப்பும்மா!"

"தெரியும்ணே. எல்லாரும் போடுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. அது மரியாதையா பரிதாபமா என்று இன்றுவரை தெரியவில்லை.

எல்லோரும் போட்டார்கள். ஒரு பத்திரிகை, 'வெள்ளையருக்குத் தேநீர், பிள்ளைகளுக்கு உரம்' என்று தலைப்பு வைத்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. பலாப்பழக்காரர் கூடுதலாக ஒரு மலைப் படத்தையும் சேர்த்திருந்தார், அது அந்த மலையே இல்லை. கொழும்பு ஐயாவுக்கோ சரியான கோபம். "எல்லாரிட்டையும் கிடக்கிறதை எனக்கு ஏன் அனுப்பினீர்? பிறகு என்னண்டு இது ஸ்கூப்?" என்று கத்திவிட்டு உள்பக்கத்தில் போட்டார். மூலையில்தான்.

அடுத்து நடந்ததை லீக்ஸ் அம்மாதான் எனக்குப் போனில் சொன்னார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே துரை வந்துவிட்டாராம். கையில் பத்திரிகைக் கட்டு.

"பேப்பர்காரிக்கு யார் கதை சொன்னது? யார் வீட்டில் அவள் டீ குடித்தாள்?"

"எங்க வீட்டுலங்க" என்று ஒருத்தி. "எங்க வீட்டுலயும்தான்" என்று இன்னொருத்தி. "எங்க வீட்டுல பிஸ்கட்டும் தின்னாங்க" என்று மூன்றாவது குரல். களமே சிரித்திருக்கிறது. துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அதைக் கேட்டபோது நானும் சிரித்தேன். என் திட்டம் வாழ்க! அத்தனை தேநீரும் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்புறம் ஆயம்மா முன்னுக்கு வந்து, 'நான்தாங்க சொன்னேன்'னு சொல்லிட்டாங்க மிஸ்."

என் சிரிப்பு நின்றது. "என்னது?"

"ஆமா மிஸ். 'மொதல்ல சொன்னது நான்தான், புள்ளங்கள அந்த ரூமுக்கு நான் கூட்டிட்டுப் போகமாட்டேன்'னு தொர மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க."

துரை ஆயம்மாவை அந்த நிமிஷமே வேலையிலிருந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தாய்மார் ஒருவரும் கத்தவில்லையாம். கூடையைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்த பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, "அப்ப சரிங்க, புள்ளங்கள ஒங்க பங்களாவுல விட்டுட்டு மலைக்குப் போறோம், பாத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொடியன் துரையின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டானாம். துரை அவனைப் பார்த்தார், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், தூரத்து மலையைப் பார்த்தார். பிறகு, "சரி சரி, வேலைக்குப் போங்க" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். ஆயம்மா எப்போதும் போல் மடுவத்துச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாராம். கடைத் திட்டம் கிடப்பில் போய்விட்டதாக அடுத்த வாரம் கணக்கப்பிள்ளையே சொன்னார்.

எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இந்த அம்மாவைக் காப்பாற்ற நான் வயிறு வெடிக்கத் தேநீர் குடித்தேன், வாழ்நாள் ஸ்கூப்பை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன், கொழும்பில் திட்டும் வாங்கினேன். இவர் நேரே போய் நான்தான் என்று நிற்கிறார்! ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் அவரிடமே கேட்டேன்.

"ஏன் ஆயம்மா இப்புடி பண்ணுனீங்க? ஒங்க பேரு வரக்கூடாதுன்னு நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?"

அவர் வாசலில் மடுவத்துத் துண்டுகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"யாரு மிஸ் ஒங்கள மறைக்கச் சொன்னது?"

"வேல போயிருக்குமே!"

"போயிருக்கும். எனக்கும் பயமாத்தான் இருந்திச்சு." துண்டை உதறினார். "எல்லா பேப்பரையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். தொர பேரு இருக்கு. விழாவுல விளக்கு ஏத்த வந்தவரு பேருகூட இருக்கு. சொன்ன நான் 'ஒரு பொண்ணு'. பேரில்லாம சொன்னா அது கோள் சொல்ற மாதிரி இருக்கு மிஸ். நான் என்ன கோளா சொன்னேன்?"

நியாயம்தான், பேரை மறைக்கச் சொல்லி என்னை அவர் கேட்டிருக்கவே இல்லை. சீனி போதுமா என்றுதான் கேட்டார். எப்படியாவது சமாதானப்படுத்தலாம் என்று, "சரி ஆயம்மா. திட்டத்த நிப்பாட்டிட்டாங்கன்னு இன்னொரு செய்தி அனுப்பப்போறேன். அதுல ஒங்க பேரப் போட்டுடுறேன்" என்றேன்.

அவர் இப்போதுதான் திரும்பினார். கையில் ஈரத் துண்டு.

"என்னன்னு போடுவீங்க?"

எழுதுவதற்கு நோட்டைத் திறந்தேன். துரை ஆயம்மா என்றார், தாய்மார் ஆயம்மா என்றார்கள், நானும் முதல் நாளிலிருந்து ஆயம்மா என்றேன். வெளியே வராமல் காப்பாற்றுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேனே, அந்தப் பெயரை ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

அவருக்கும் அது விளங்கிவிட்டது. கோபிக்கவில்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்குங்க மிஸ்" என்று, தகப்பன் பெயரிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாகச் சொன்னார்.